விசிலும் வில்லிபுத்தூரும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்ததாக யாரிடமாவது சொன்னால், ஆண்டாள் தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று முதலில் கேட்பார்கள். பால்கோவாப் பொட்டலம் எங்கே என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். ராஜபாளையத்துக்கும் போயிருந்தோம் என்றாலோ, நாய்க்குட்டி ஏதேனும் வாங்கி வந்தீர்களா என்பது மூன்றாவது கேள்வியாக வரும். இம்மூன்றில் எதற்காகவும் அல்லாமல், கல்லூரிப் பெண்கள் ஆடிய கூடைப்பந்துப் பந்தயம் ஒன்றைப் பார்ப்பதற்காகவே இவ்விரு ஊர்களுக்கும் நாம் பிரயாணம் செய்தோம் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும்.

காரணம் எளியது. நம் சிநேகிதர் ஒருவருடைய குமாரத்தி, விருதுநகர் ஜில்லாவிலுள்ள சிறிய கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைவி. கல்லூரியில் அவளுக்கு அது கடைசி வருஷம். பந்தயத்தில் ஜயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம்; அடுத்த சுற்றில்தான் பல்கலைக் கழகக் குழுவுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து உட்காருவார்கள். அந்தக் குழுவில் இடம் கிடைத்துவிட்டால், விளையாட்டில் தேர்ந்தவர்களுக்கென்று சர்க்கார் உத்தியோகங்களில் ஒதுக்கியிருக்கும் இடங்களுக்கு மனுச் செய்கையில், அந்த அத்தாட்சிப் பத்திரம் கைகொடுக்கும். ஆகவே நாற்பது நிமிஷ விளையாட்டு என்று பெயரே தவிர, ஒரு குடும்பத்தின் பல வருஷ எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருந்தது.

கோபுரத்து ஊர்

பந்தயம் மாலையில்தான். காலைப் பொழுதை ஸ்ரீவில்லிபுத்தூரில் கழித்தோம். ஊருக்கு வெகு தூரத்திலேயே, வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலாகத் தலையை நீட்டி, வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் வருகிறவர்களை எதிர்கொண்டு அழைக்கிறது. பதினொரு நிலைகள், 192 அடி உயரம். தமிழ்நாட்டு ராஜாங்க முத்திரையில் பொறித்திருப்பது இக்கோபுரமே என்று இவ்வூரார் பெருமையோடு சொல்லிக் கொள்வதைக் கேட்காமல் எவரும் இவ்வூரை விட்டுத் திரும்ப முடியாது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து போகிறது. மாடவீதிகளில் விறகடுப்புகளின்மேல் இரும்புச் சட்டிகளில் பால் சுண்டிக் கொண்டிருக்கிறது. 2019-ம் வருஷம் இவ்வூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

தீர்ப்பு, மத்தியஸ்தம் ஆகியவற்றைப் பற்றிய யோசனையோடு வந்த நமக்கு, இங்கே பெரியாழ்வாரின் கதை நினைவுக்கு வந்தது. பரம்பொருள் இன்னதென்று நிச்சயித்துச் சொல்பவருக்கென்று பாண்டியன் வல்லபதேவன் மதுரையில் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான். வில்லிபுத்தூரிலே நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக் கொண்டிருந்த விஷ்ணுசித்தர் அங்கே சென்று பிரமாணங்களை எடுத்துரைத்தார்; கிழி தானாகவே அவர் பக்கம் தாழ்ந்து கொடுத்தது என்பது வரலாறு. எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு! தீர்ப்புக் கூற மனிதர் எவரும் வேண்டியிருக்கவில்லை. தோற்ற பண்டிதர்கள் மத்தியஸ்தரின் கண்பார்வையைப் பற்றிக் குறை கூறவும் இடமில்லாமல் போயிற்று. கூடைப்பந்து மைதானத்தில் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. அங்கே மனிதன்தான் பார்க்க வேண்டும். மனிதன்தான் ஊத வேண்டும்.

பஞ்சு ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் மேற்குப் பக்கத்து ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தவன் பாக்கியசாலி. வழி நெடுகிலும் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. சாம்பல் நிற மலை அணில்களின் சரணாலயமாக இருந்த அம்மலைக் காடு, 2021-ம் வருஷம் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது.

கோபுரத்து ஊரில் காலம் மெல்ல நடக்கிறது என்றால், ராஜபாளையத்தில் அது ஆலைச் சங்குக்கு ஏற்ப ஓடுகிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் இங்கே நூற்பாலையை ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து பஞ்சை நம்பிய தொழில்கள் பல இவ்வூரில் வேரூன்றின. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியும் இவ்வூரிலிருந்து ஏராளமாகப் போகிறது. விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இவ்வூருக்குப் பெயரையும் பல தாபனங்களையும் தந்தவர்கள். அவர்களுள் பி. எஸ். குமாரசாமி ராஜாவைத் தேசத் தொண்டில் ஈடுபாடுள்ள வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1949-ல் சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியானவர். 1952 பொதுத் தேர்தலில் தோற்றவர். தோல்வியைத் தலை நிமிர்ந்து ஏற்றுக்கொண்டு, பின்னர் ஒரிஸ்ஸா மாகாணக் கவர்னராகவும் இருந்து, சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். தோற்பது எப்படி என்று இவ்வூர் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமானால் வெளியூர் போக வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. விருதுநகரில் 1947-லும், சிவகாசியில் 1963-லும், ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரியாக 1973-லும், கிருஷ்ணன்கோயிலில் தியாகி கலசலிங்கத்தின் பெயரால் 1984-லும் தோன்றியவை பெயர் பெற்றவை. இவற்றைத் தவிர, ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இரண்டு கட்டிடமும் ஒரு வேப்பமரமும் ஒரு சிமெண்டுத் தளமுமாக நிற்கும் சிறு கல்லூரிகள் பல உண்டு. நாம் பார்த்த ஆட்டம் அத்தகைய இரண்டு சிறு கல்லூரிகளுக்கு இடையே நடந்தது.

ஆட்டம்

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இரு கோடியிலும் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இரும்பு வளையம். பக்கத்துக்கு ஐவர். பத்துப் பத்து நிமிஷமாக நான்கு கட்டம். ஒருத்தி ஐந்து குற்றம் செய்தால் வெளியே போக வேண்டும். ஓடிக்கொண்டே பந்தைத் தட்ட வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு ஓடலாகாது. மத்தியஸ்தர்கள் பெரிய பந்தயங்களில் மூவர், சிறியவற்றில் இருவர். இருவரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பெண்களுக்குச் சமமாக ஓடுகிறார்கள். கைதட்டல் மாத்திரம் அவர்களுக்குக் கிடையாது.

கூட்டம் பெரிதல்ல, ஆயினும் விஷயம் அறிந்த கூட்டம். காலை ஷிப்ட் முடிந்து வந்த ஆலைத் தொழிலாளர்கள், பழைய ஆட்டக்காரர்கள், சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்த பையன்கள், கையில் தூக்குச் சட்டியுடன் வந்திருந்த தாய்மார் சிலர். எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியை எந்த வருஷம் எத்தனை புள்ளியில் தோற்கடித்தது என்பதை, வீட்டுக் கல்யாணத் தேதிகளைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். பத்திரிகைகள் இந்த முடிவுகளை அச்சிடுவது அபூர்வம். ஆகவே இவர்களுடைய ஞாபகமே ஆதாரம்.

இடைவேளையில் ஒரு சிறு சச்சரவு எழுந்தது. எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்த பலகையில் ஒரு கணக்கும், மேஜையில் இருந்த குறிப்புத் தாளில் வேறு கணக்கும் காணப்பட்டன. உடனே கூட்டம் எழுந்து நின்றது. மத்தியஸ்தர் பதற்றப்படவில்லை. இரு குழுத் தலைவிகளையும் அழைத்து, விழுந்த கூடைகளை ஒவ்வொன்றாக, எந்த எண் சட்டைக்காரி போட்டது என்பதோடு, தாளிலிருந்து உரக்க வாசிக்கச் செய்தார். பலகைக்காரப் பையன் ஒரு கூடையைத் தவற விட்டிருந்தான். தாளே பிரமாணம் என்பது விதி; பலகை திருத்தப்பட்டது. கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தது. கணக்கைத் திறந்து காட்டினால் சந்தேகத்துக்கு உணவில்லாமல் போய்விடுகிறது என்பதை அப்போது கண்டோம்.

கடைசிக் கட்டம் மிகக் கடுமையாக இருந்தது. சில விநாடிகளே மிச்சம். நம் சிநேகிதரின் பெண் இருந்த குழு ஒரே புள்ளியில் பின்தங்கியிருந்தது. பந்து அவளிடம் வந்தது. இடது பக்கமாகப் பாய்ந்து, தடுத்தவளோடு மோதி, கீழே விழுந்தவாறே பந்தை எறிந்தாள். பந்து வளையத்துக்குள் இறங்கியது. கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் விசில் ஊதியது பலருக்குக் கேட்கவே இல்லை. மத்தியஸ்தர் ஒரு கை முஷ்டியால் மற்றொரு கையின் உள்ளங்கையில் குத்திக் காட்டினார். அதாவது, மோதியது பந்து வைத்திருந்தவளின் குற்றம். பந்து கையை விடும் முன்பே மோதல் நேர்ந்துவிட்டதால் கூடை செல்லாது. அவளுக்கு அது ஐந்தாவது குற்றமும் கூட. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த விநாடிகளைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கழித்தாள். ஆட்டம் ஒரு புள்ளியில் கை தவறியது.

டீக்கடை வழக்கு

மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடை, ஐந்து நிமிஷத்தில் நியாயஸ்தலமாக மாறிவிட்டது.

"அநியாயம், அண்ணாச்சி! கூடை விழுந்த பிறகு விசில் ஊதினால் அதற்கு என்ன பெயர்?" என்றான் ஓர் இளைஞன்.

"விசில் ஊதிய பிறகு கூடை விழுந்தது, தம்பி" என்றார் ஆலைத் தொழிலாளி ஒருவர். "ஆனாலும் குற்றம் தடுத்தவள் மேலேதான். அவள் நகர்ந்தாளே, நான் பார்த்தேன்."

கைப்பேசிகள் வெளிப்பட்டன. ஐந்து பேர் ஐந்து கோணத்தில் படம் எடுத்திருந்தார்கள். ஒன்றில் பெண்ணின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒன்றில் முன்னால் நின்றவரின் தோள். ஒன்றில் பந்தும் வளையமும் வெகு அழகாக விழுந்திருந்தன, ஆனால் மோதல் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஐந்து படங்களுக்கும் ஐந்து தீர்ப்புகள் பிறந்தன.

மூலையில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் டீயை ஆற்றிக் கொண்டிருந்தார். எல்லோரும் அவரை நோக்கித் திரும்பினார்கள். "ஸார், நீங்கள் சொல்லுங்கள்."

"நீங்கள் எல்லோரும் அந்த நேரத்தில் எதைப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள்?"

"பந்தைத்தான் பார்த்தோம், ஸார்."

"நானும் பந்தைத்தான் பார்த்தேன். அந்த மனிதர் ஒருவர்தான் தடுத்தவளின் காலைப் பார்த்துக் கொண்டிருந்தார். இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, எதிராளிக்கு நேர்முகமாக, அவள் முன்னதாகவே இடம் பிடித்திருந்தால் மார்பில் வந்து மோதியவள் குற்றவாளி. இடம் பிடிக்காமல் பக்கத்திலிருந்து பாய்ந்திருந்தால் தடுத்தவள் குற்றவாளி. நகர்ந்தாள், நகர்ந்தாள் என்கிறீர்களே; இடம் பிடித்த பிறகு பின்னாலோ பக்கத்திலோ நகர அவளுக்கு உரிமை உண்டு. கேள்வி நகர்ந்தாளா என்பதல்ல. எப்போது இடம் பிடித்தாள் என்பது. அதைப் பந்தைப் பார்த்தவர் எவரும் சொல்ல முடியாது."

கடையில் சிறிது நேரம் டம்ளர் ஓசை மட்டுமே கேட்டது.

பந்துக்கு ஒருவர், ஆளுக்கு ஒருவர்

மாஸ்டர் சொன்னதில் இவ்விளையாட்டின் பூர்வோத்தரமே அடங்கியிருக்கிறது. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் கூரைக்குள் ஆடுவதற்கென்று இதைக் கற்பனை செய்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடத்தில் மாட்டி, 18 மாணாக்கர்களைப் பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்து ஆடவிட்டார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடைதான் என்பார்கள். அடுத்த வருஷமே பெண்கள் கல்லூரி ஒன்றில் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கற்பித்தார்.

நெய்ஸ்மித் எழுதிய விதிகள் 13. அவற்றுள் மத்தியஸ்தர் இருவரைப் பற்றியவை மிக நுட்பமானவை. ஒருவர் பந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்; மற்றொருவர் ஆட்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பந்து ஓடுகையில் எல்லாக் கண்களும் அதன் பின்னாலேயே ஓடிவிடும் என்பதை அறிந்து, ஆட்களைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒருவரை நிறுத்தினார் அவர். இக்காலத்தில் அந்தப் பிரிவினை அப்படியே இல்லை. மத்தியஸ்தர்கள் மைதானத்தைப் பங்கிட்டுக்கொண்டு, பந்து தம் எல்லையில் இல்லாதபோது ஆட்களைக் கவனிக்கிறார்கள். தத்துவம் மட்டும் மாறவில்லை.

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து, 1920-ல் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அங்கே பயின்றவர்கள் டிரில் மாஸ்டர்களாகத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பரவினார்கள். தென்பாண்டிச் சீமையின் டீக்கடையில் ஒருவர் பாதத்தின் நிலையைப் பற்றி விளக்கம் சொல்வதற்கும், வெகு தூரத்துப் பனி ஊரின் கூடத்துக்கும் இப்படி ஒரு குருபரம்பரை இருக்கிறது.

மூன்று விநாடி

மத்தியஸ்தரைப் பற்றிய மனஸ்தாபம் சிறு கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. 1972-ல் மூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 50-க்கு 49 என்று முன்னால் நின்றது. மிச்சமிருந்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியை மறுபடி மறுபடி ஆடச் செய்தார்கள். கடைசித் தடவையில் சோவியத் வீரர் பெலோவ் பந்தை வளையத்தில் இட்டார். 51-க்கு 50. மத்தியஸ்தர்களில் ஒருவரான பிரேஸில் தேசத்து ரிகெட்டோ குறிப்புத் தாளில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்காவின் முறையீடு, ஐவர் கொண்ட சபையில் மூவருக்கு இருவராக நிராகரிக்கப்பட்டது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

அந்த வழக்கின் வேர் கடிகாரத்திலும், மைதானத்துக்கு வெளியிலிருந்தவர்களின் தலையீட்டிலும் இருந்தது. ஒருவருடைய கண்ணின் தீர்ப்பு வேறு. கணக்கிலும் கடிகாரத்திலும் நேரும் பிழை வேறு. இன்றைய சர்வதேச விதிகளும் இந்த வித்தியாசத்தைக் காக்கின்றன. குறிப்புத் தாளின் அடியில், எதிர்ப்புத் தெரிவிக்கும் குழுத் தலைவி கையெழுத்திடுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. புள்ளிக் கணக்கிலோ கடிகாரத்திலோ பிழையிருந்து அது திருத்தப்படாவிட்டால் எதிர்ப்புச் செய்யலாம். மோதியவள் யார் என்ற தீர்ப்பை எதிர்த்து மனுப் போட முடியாது. பெரிய பந்தயங்களில் மத்தியஸ்தர் திரையில் படத்தைத் திருப்பிப் பார்க்கச் சில சந்தர்ப்பங்களில் அனுமதி உண்டு. சிமெண்டுத் தளத்துச் சிறு கல்லூரிக்கு அந்த வசதி ஏது?

தலைவி சொன்னது

ஆட்டம் முடிந்ததும் நம் சிநேகிதரின் பெண் மேஜைக்குப் போனாள். அவளுடைய தோழிகள், "எதிர்ப்புக் கையெழுத்துப் போடு, அக்கா!" என்று நெருக்கினார்கள். அவள் தாளை வாங்கி, கூடைகளை ஒன்று விடாமல் எண்ணினாள். தன் பெயருக்கு நேரே இருந்த ஐந்து குறிகளையும் விரல் வைத்து எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜயித்த பெண்களின் கையைக் குலுக்கப் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் மெதுவாகக் கேட்டோம்: "அம்மா, அவள் முன்னதாகவே இடம் பிடித்துவிட்டாளா?"

"எனக்குத் தெரியாது, மாமா. நான் வளையத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனால் இரண்டாவது கட்டத்தில் வீணாக இரண்டு குற்றம் வாங்கினேன். அது மட்டும் நன்றாகத் தெரியும். அது இல்லாவிட்டால் கடைசி விநாடிகளில் பெஞ்சில் இருந்திருக்க மாட்டேன்" என்றாள்.

அவளுடைய தகப்பனார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பல்கலைக் கழகக் குழு, அத்தாட்சிப் பத்திரம், மனு எல்லாம் அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். நியாயம் நடந்ததா என்று நாம் சொல்வதற்கில்லை. மத்தியஸ்தர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அவரை ஏசியவர்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: அவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், உடனே ஊதினார், ஒரு கூட்டம் முழுவதும் தமக்கு எதிராகக் கத்தும் என்று அறிந்தே ஊதினார். நமது தேசத்தில் இத்தகைய மனிதர்கள் இன்னும் அநேகர் தேவை, விளையாட்டில் மட்டுமல்ல.

பொது ஜனங்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் ஆடுவதைப் பார்க்கப் போகிறவர்கள், போகுமுன் விதிகளை ஒரு முறை படித்துவிட்டுப் போவது நலம். கல்லூரிகள் தம் ஆட்ட முடிவுகளைப் புள்ளிக் கணக்கோடு வாசற் பலகையில் ஒட்டி வைத்தால் செலவு ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் உத்தியோகத்துக்கு மனுச் செய்கையில், அவள் ஆடியதற்குச் சாட்சி டீக்கடை ஞாபகம் மாத்திரமாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டம் பார்ப்பவர் தர்க்கம் செய்வதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தர்க்கம் இருக்கும் வரையில்தான் கூட்டம் வரும். கூட்டம் வரும் வரையில்தான் சிறு கல்லூரிப் பெண்கள் ஆடுவார்கள்.

பஸ்ஸின் பின்வரிசையில் டீக்கடை வழக்கு இன்னும் முடியவில்லை. ஆலைத் தொழிலாளி, தடுத்தவள் நகர்ந்தாள் என்பதை விடுவதாக இல்லை. டிரில் மாஸ்டர் தம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடும் பஸ்ஸின் நடுவே இரு பாதங்களையும் ஊன்றி, இடம் பிடிப்பது என்றால் என்னவென்று காட்டிக் கொண்டிருந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மாஸ்டர் நகர்ந்தார். "பார்த்தீர்களா!" என்று கூவினார் தொழிலாளி. "பின்னாலேதானே நகர்ந்தேன், அது செல்லும்" என்றார் மாஸ்டர்.